கதவு உள்ளே திறக்கணுமா, வெளியே திறக்கணுமா? கொங்குப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் கட்டட வேலை நடக்கிற இடங்களில் கதவைப் பற்றி என்னிடம் வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நிலவு (கதவு மாட்டுகிற மரச்சட்டம்) வைக்கிற அன்றைக்கு நல்ல நேரம் பார்க்கிறோம், மஞ்சள் குங்குமம் வைக்கிறோம், சொந்தபந்தத்தைக் கூப்பிடுகிறோம். அந்த நிலவில் மாட்டப்போகிற கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைப் பல வீடுகளில் யாரும் கேட்பதே இல்லை. ஆபத்து நேரத்தில் உயிரைக் காப்பதும் போக்குவதும் அந்த ஒரு முடிவாக இருக்கலாம். அதனால்தான் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

வீட்டுத் தலைவாசல் கதவு ஏன் எப்போதும் உள்பக்கமாகவே திறக்கிறது?

முதல் காரணம் வெளியே இருக்கிற படி. நம் வீடுகளில் வாசலைத் தாண்டினால் உடனே இரண்டு மூன்று படி இறங்கும், இல்லாவிட்டால் திண்ணை இருக்கும். கதவு வெளியே திறந்தால் படியில் நிற்கிறவர் பின்னால் ஒதுங்கியாக வேண்டும். கையில் பால் கேனோ குழந்தையோ இருந்தால் விழுந்துவிடுவார்.

இரண்டாவது, காவல். உள்ளே திறக்கிற கதவுக்குக் கீல் உள்பக்கம் இருக்கும், வெளியே நிற்கிறவன் கை அதில் படாது. நிலவில் கதவு வந்து உட்காருகிற காடி என்கிற பள்ளமும் உள்பக்கமாகவே வெட்டப்பட்டிருக்கும். கதவுக்கும் நிலவுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கை அந்த விளிம்பு வெளியிலிருந்து மறைத்துவிடும். கதவுக்குப் பின்னால் குறுக்குக் கட்டை போட்டுவிட்டால் வெளியிலிருந்து எவ்வளவு தள்ளினாலும் கட்டை தாங்கும். கோட்டைக் கதவுகளுக்குப் பின்னால் கணையமரம் போட்டதும் இதே கணக்குத்தான்.

இதில் ஒரு பலவீனமும் உண்டு. குறுக்குக் கட்டை இல்லாமல் ஒரே ஒரு தாழ்ப்பாளை நம்பியிருக்கிற கதவை ஓங்கி உதைத்தால், அந்த உதை முழுக்கத் தாழ்ப்பாளின் திருகாணிகள் மேல்தான் விழும். அதனால் உள்ளே திறக்கிற தலைவாசலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஆல்ட்ராப் (பூட்டு மாட்டுகிற பெரிய தாழ்) ஒன்று என்று மூன்று இடத்தில் பிடிப்பு கொடுங்கள். திருகாணி நிலவுக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். அரை அங்குலத் திருகாணி போதாது.

அந்தக் காலத்துத் தொட்டிக்கட்டு (நடுவில் முற்றம் வைத்த) வீட்டுக் கதவில் கீலே இல்லையே, அது எப்படித் திரும்புகிறது?

குடுமியில். கதவின் ஓரச் சட்டத்தையே மேலும் கீழும் கொஞ்சம் நீட்டி உருண்டையாகச் செதுக்கிவிடுவார்கள். கீழ்க் குடுமி வாசற்படியில் உள்ள குழியிலும் மேல் குடுமி நிலவின் மேல்கட்டையில் உள்ள துளையிலும் உட்கார்ந்து சுழலும். கதவின் பாரம் முழுக்கக் கீழ்க்குழியில் இறங்குவதால், நிலவிலிருந்து பிய்த்துக்கொண்டு வருவதற்கு அங்கே ஆணியே கிடையாது. ஓர் ஆள் தூக்க முடியாத கதவைக்கூடக் குழந்தை தள்ளித் திறக்கிற அளவுக்கு அது லேசாகத் திரும்பும். குழியில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் சத்தமும் வராது.

அந்தக் கதவுகள் பெரும்பாலும் இரட்டைக் கதவு. நாலடி வாசலுக்கு ஒற்றைக் கதவு போட்டால் ஆசாரத்துக்குள் (முன்கூடத்துக்குள்) நாலடி தூரம் சுழன்று வரும். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டடி போதும். சுவரே ஒன்றரை அடி, இரண்டடி கனம். நிலவைச் சுவரின் வெளி விளிம்போடு வைத்தால், திறந்த கதவு பெரும்பாலும் அந்தக் கனத்துக்குள்ளேயே மடங்கி ஒட்டி நின்றுவிடும். ஆசாரத்தில் அதிக இடம் வீணாகாது. இன்றைக்கு 9 அங்குலச் சுவரில் அந்த வசதி இல்லை. கதவு திறந்தால் அறைக்குள் வந்துதான் நிற்கும், அதற்கு இடம் விட்டே ஆக வேண்டும்.

சினிமாத் தியேட்டர், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் மட்டும் ஏன் வெளிப்பக்கமாகத் திறக்கணும்?

இந்தப் பக்கத்திலேயே நான் அதிகம் அக்கறைப்படுகிற கேள்வி இது.

உள்பக்கமாகத் திறக்கிற கதவை உள்ளே இருப்பவர் இழுக்க வேண்டும். இழுக்க அவருக்குப் பின்னால் இடம் வேண்டும். மூன்றடிக் கதவு என்றால் மூன்றடி சுழல, அந்தப் பரப்பில் ஆள் இல்லாமல் இருக்க வேண்டும். நாலு பேர் இருக்கிற வீட்டில் இது ஒரு விஷயமே இல்லை. ஐந்நூறு பேர் இருக்கிற கூடத்தில் 'தீ' என்று ஒரு குரல் கேட்டால் என்ன ஆகும்? முன்னால் போனவர் கதவில் கை வைக்கிற நேரத்துக்குப் பின்னால் இருக்கிறவர்கள் அவரைக் கதவோடு சேர்த்து நெருக்கிவிடுவார்கள். கடைசி வரிசையில் தள்ளுகிறவருக்கு முன்னால் கதவு மூடியிருப்பதே தெரியாது. பூட்டே இல்லாத கதவும் அப்போது பூட்டிய கதவுதான். வெளியே திறக்கிற கதவாக இருந்தால் அதே நெரிசல் கதவைத் தானாகத் திறந்துவிடும்.

உலகம் இதை உயிர் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. 1883 ஜூன் 16, இங்கிலாந்தில் சண்டர்லாந்து ஊரின் விக்டோரியா ஹால். குழந்தைகளுக்கான நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் மேடைக்குப் பக்கத்தில் பரிசு கொடுக்க ஆரம்பித்தார்கள். மாடியில் இருந்த குழந்தைகள் தங்களுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று படியிறங்கி ஓடி வந்தார்கள். கீழே இருந்த கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. ஒரு நேரத்தில் ஒரு குழந்தை மட்டும் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டுத் தாழ் போட்டிருந்தார்கள். 183 குழந்தைகள் அந்தப் படிக்கட்டிலேயே நசுங்கி இறந்தார்கள். அங்கே தீயே பிடிக்கவில்லை. ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் 1892-ல், உள்ளிருந்து தள்ளினாலே தாழ் விலகிக் கதவு திறந்துகொள்கிற அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார்.

1903 டிசம்பர் 30, அமெரிக்காவின் சிகாகோவில் இரோக்குவா தியேட்டர். பகல் காட்சி, கூட்டத்தில் பெண்களும் பிள்ளைகளும் அதிகம். தீப்பிடித்தபோது சில கதவுகள் பூட்டியிருந்தன, சில திரைக்குப் பின்னால் மறைந்திருந்தன, சில உள்பக்கமாகத் திறப்பவை. 602 பேர் இறந்தார்கள். 1942 நவம்பர் 28, பாஸ்டன் நகரின் கோக்கனட் குரோவ் விடுதித் தீயில் 492 பேர். முன்வாசலில் இருந்த சுழல் கதவு நெரிசலில் சிக்கி நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் சுழல் கதவு வைத்தால் அதன் பக்கத்திலேயே வெளியே திறக்கிற சாதாரணக் கதவும் இருக்க வேண்டும் என்கிற விதி வந்தது.

கூட்டமே இல்லாத இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 விண்கலத்தைத் தரையில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தபோது உள்ளே தீப்பிடித்தது. அதன் உள்கதவு உள்நோக்கித் திறப்பது. தீயின் சூட்டில் உள்ளே காற்றழுத்தம் ஏறி, அந்த அழுத்தமே கதவைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திவிட்டது. மூன்று விண்வெளி வீரர்களும் இறந்தார்கள். அதன் பிறகு சில விநாடிகளில் வெளியே திறக்கிற மாதிரிக் கதவை மாற்றினார்கள்.

நம் நாட்டு விதி இதைப் பற்றி என்ன சொல்கிறது?

தேசியக் கட்டட விதித் தொகுப்பின் தீப்பாதுகாப்புப் பகுதியில் தெளிவாகவே இருக்கிறது. வெளியேறும் வழிக் கதவு அறையை விட்டு வெளிநோக்கித் திறக்க வேண்டும். திறந்த கதவு நடைபாதையை மறிக்கக் கூடாது. கதவைத் திறந்ததும் நேராகப் படிக்கட்டு இறங்கக் கூடாது, நடுவில் ஒரு சமதளம் இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும். அந்தக் கதவில் முகம் பார்க்கிற கண்ணாடி மாட்டக் கூடாது, புகையில் தன் உருவத்தையே வழி என்று நினைத்து மனிதர்கள் திசை தவறிவிடுவார்கள்.

நம் ஊர் மண்டபங்களில் எனக்குக் கவலை தருகிற இடம் பந்திக் கூடத்துக் கதவு. முதல் பந்தி முடிகிற வரைக்கும் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். வெளியே அடுத்த பந்திக்கு நூறு பேர் நெருக்குகிறார்கள். உள்ளே சமையற்கட்டில் சிலிண்டர்கள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே ஏதாவது ஆனால் சாப்பிடுகிறவர்கள் ஓடி வருவதும் அதே கதவுக்குத்தான். மண்டபம் கட்டுகிறவர்கள் பந்திக் கூடத்துக்கு உள்ளே போக ஒரு வழி, வெளியே வர எதிர்ச்சுவரில் இன்னொரு வழி என்று பிரித்துவிடுங்கள். இரண்டாவது வழிக் கதவு திறந்தால் வெட்டவெளி இருக்க வேண்டும். அந்த இடத்தில் நாற்காலி அடுக்கி வைக்க விடாதீர்கள்.

பனியன் கம்பெனிக்கும் தறிக் கொட்டகைக்கும் ஷட்டர் போதாதுங்களா?

சரக்கு ஏற்றி இறக்க ஷட்டர் போதும். ஆள் வெளியேற அது வழி ஆகாது. ஷட்டரைத் தூக்க ஒருவர் குனிய வேண்டும், பின்னால் கூட்டம் நெருக்கினால் குனிய முடியாது. ஆட்கள் சாய்ந்து அழுத்தினால் ஷட்டர் தகடு பக்கத்துச் சட்டத்தில் இறுகிக்கொண்டு ஏறவும் மறுக்கும்.

1948-ல் தொழிற்சாலைகள் சட்டம் நிறைவேறியபோதே அதன் 38ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைக் கேட்டது. உள்ளே ஆள் இருக்கும்போது வெளியேறும் கதவை உள்ளிருந்து உடனே திறக்க முடியாதபடி பூட்டக் கூடாது. நகர்த்தித் திறக்கிற வகையாக இல்லாவிட்டால் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும்.

துணியும் பஞ்சும் தீயை எவ்வளவு வேகமாகப் பரப்பும் என்று திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் என்கிற சட்டை தைக்கிற கம்பெனியில் 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். ஒன்பதாவது மாடியில் படிக்கட்டுக்குப் போகிற ஒரு கதவு பூட்டியிருந்தது. சரக்கு வெளியே போய்விடக் கூடாது என்று பின்வாசலைப் பூட்டுகிற வழக்கம் இங்கேயும் இருக்கிறது. சரக்குக்குப் பயந்தால் கதவில் மணி வையுங்கள், கேமரா வையுங்கள். ஷிப்ட் நடக்கிற நேரத்தில் பூட்டு மட்டும் வேண்டாம்.

ஆட்டுப்பட்டிக் கடவு மட்டும் உள்பக்கமாகத்தானே வைக்கச் சொல்கிறார்கள்?

ஆமாம், அது சரிதான். காங்கேயம், வெள்ளகோயில் பக்கம் கொறங்காட்டில் (மேய்ச்சல் காட்டில்) கிளுவை வேலிக்கு நடுவே விடுகிற கடவாகட்டும், ஆட்டுப்பட்டிப் படலாகட்டும், உள்ளே இருக்கிற உருப்படிகள் எந்நேரமும் வெளியேதான் முட்டும். படல் உள்ளே இழுத்துத் திறக்கிறதாக இருந்தால், அவை முட்ட முட்ட அது தடுப்புக் காலோடு ஒட்டி இறுகும். வெளியே திறக்கிறதாக இருந்தால் ஒரு நாளைக்குக் கட்டுக் கயிறு அறுந்துவிடும். மாட்டையும் ஆட்டையும் உள்ளேயே நிறுத்தி வைக்க இது சரியான வழி. மனிதர்கள் கூடுகிற இடத்துக்கு இந்த அமைப்பு ஏன் ஆகாது என்பதும் இதிலேயே தெரியும்.

பாத்ரூம் கதவை எந்தப் பக்கம் வைப்பது?

வயதானவர்கள் இருக்கிற வீடு என்றால் வெளியே. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

நம் பாத்ரூம்கள் நாலுக்கு ஆறு, பெரிதாகப் போனால் ஐந்துக்கு எட்டு. இரண்டரை அடிக் கதவு உள்ளே திறந்தால் தரையில் நல்ல பங்கை அதுவே பிடித்துக்கொள்ளும். வழுக்கி விழுகிறவர் எங்கே விழுவார்? மிச்சம் இருக்கிற அந்த இடத்தில், கதவுக்குக் குறுக்கே. மாரடைப்போ தலைச்சுற்றலோ வந்து அப்பாரு உள்ளே சாய்ந்துவிட்டால், வெளியிலிருந்து தள்ளுகிற ஒவ்வொரு தள்ளும் அவர் உடம்பின் மேல்தான் விழும். கதவை உடைக்கவும் பயம், உடைக்காமல் இருக்கவும் முடியாது. வெளியே திறக்கிற கதவை இழுத்துவிட்டால் முடிந்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுகிற காரணங்களும் நியாயமானவைதான். குளித்த ஈரம் கதவில் வழிந்து, வெளியே திறக்கும்போது ஹாலில் சொட்டும். வெளியே நடைவழி குறுகலாக இருந்தால் போகிறவர் மேல் கதவு இடிக்கும். முதல் பிரச்சினைக்கு, கதவின் உள்பக்கம் கீழே ஒரு சாய்வுப் பட்டை அடித்துவிட்டால் வழிகிற தண்ணீர் உள்ளேயே விழும். இரண்டாவதற்கு, கதவு திறந்தால் சுவரோடு ஒட்டுகிற பக்கமாகக் கீலை வையுங்கள். அதற்கும் இடமில்லை என்றால் சுவரோடு நகர்கிற கதவு போடலாம்.

வெளியே திறப்பதில் ஒரு கூடுதல் லாபமும் இருக்கிறது. கீலின் முட்டி வெளிப்பக்கம் வந்துவிடும். போர்த் தண்ணி உப்பாக இருக்கிற ஊர்களில் பாத்ரூம் கீல் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று தெரியுமில்லையா? தண்ணீர் படாத பக்கம் இருந்தால் அதிக நாள் வரும்.

கதவோடு சேர்த்துத் தாழ்ப்பாளையும் கவனியுங்கள். உள்ளே தாழ் போட்டாலும் வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருகினால் திறக்கிற பூட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. மேலே எட்டாத உயரத்தில் டவர் போல்ட் அடிப்பதை அம்மாயி இருக்கிற வீட்டில் தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆடி மாசக் காற்றில் கதவெல்லாம் படார் படார் என்று அடிக்கிறது. திசையை மாற்றினால் நிற்குமா?

ஓரளவுக்கு நிற்கும். ஏன் அடிக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று அந்த வழியாக நெருங்கி வேகமெடுத்து வந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று பாய்கிறது. காற்றாலைகள் அந்தப் பக்கம் குவிந்து நிற்பதற்கும் அதுதான் காரணம். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்திருக்கிற மண்ணில், கதவு பறப்பதைப் பற்றி யோசிக்காமல் வீடு கட்ட முடியாது.

காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட இன்ஜினியர்கள் பயன்படுத்துகிற சூத்திரம் எளிமையானது. விநாடிக்கு எத்தனை மீட்டர் வேகமோ அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று என்றால் விநாடிக்கு சுமார் 11 மீட்டர், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 74 நியூட்டன் அழுத்தம். மூன்றேகால் அடிக்கு ஏழடிக் கதவின் பரப்பு சுமார் 2.1 சதுர மீட்டர். ஆக மொத்தம் 155 நியூட்டன், அதாவது 16 கிலோ எடை சாய்ந்து நிற்கிற அளவு. கைப்பிடி கீலிலிருந்து தூரத்தில் இருப்பதால் உங்கள் கைக்குத் தெரிவது அதில் பாதி, 8 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்காகிவிடும்.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். வாசல் கிழக்கே இருக்கிறது, மேற்கு அறை ஜன்னல் திறந்திருக்கிறது. காற்று ஜன்னல் வழியாக வந்து ஹாலைக் கடந்து வாசல் வழியாக வெளியேறப் பார்க்கும். தலைவாசல் கதவு உள்ளே திறந்து நிற்கிறது. காற்றின் போக்கு அதை நிலவை நோக்கித்தான் தள்ளும், படார் என்று சாத்திக்கொள்ளும். மேற்கு படுக்கையறைக் கதவும் அறைக்குள் திறப்பதால் அதே கதிதான். காற்று போகிற பக்கமாகத் திறக்கிற கதவு மட்டும் அடிக்காமல் திறந்தபடி நிற்கும்.

இதற்காகப் படுக்கையறைக் கதவை ஹாலுக்குள் திறக்கச் சொல்ல மாட்டேன். நடமாட்டத்துக்கு இடைஞ்சல் அது. காந்தத் தடுப்பான் ஒன்று தரையிலோ சுவரிலோ பதியுங்கள். நிலவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினால் சத்தம் குறையும். சின்னக் குழந்தைகள் இருந்தால் இது வசதிக்காக மட்டும் செய்கிற காரியம் இல்லை. காற்றில் சாத்துகிற கதவின் கீல் பக்கத்து இடுக்கில் விரல் இருந்தால் எலும்பே நசுங்கிவிடும்.

மேற்கே வாசல் வைத்திருப்பவர்கள் கேட்பது வேறு: வெளியே திறக்கிற கதவு நல்லதுங்களா? சாத்தியிருக்கும்போது ரொம்ப நல்லது. காற்று அழுத்த அழுத்தக் கதவு காடியில் இறுகும், தூசியும் சாரலும் உள்ளே வராது. அமெரிக்காவில் புயல் அடிக்கிற ஃபுளோரிடா பக்கம் வெளியே திறக்கிற வாசல் கதவு சாதாரணம், காரணம் இதுவே. பனி குவிகிற நாடுகளில் உள்ளே திறக்கிற கதவுதான் உதவும், வாசலில் பனி அடைத்துக்கொண்டாலும் திறக்கலாம். ஆனால் வெளியே திறந்த கதவைக் காற்று ஒரு முறை பிடித்துக்கொண்டால் கீலைப் பிடுங்கிவிடும். அதனால் மேற்கு வாசலில் அப்படி வைத்தால் திறந்ததும் மாட்டிவிடச் சுவரில் கொக்கி கட்டாயம்.

கீல் வலது பக்கமா, இடது பக்கமா?

கதவு திறந்தால் பக்கத்துச் சுவரோடு போய் ஒட்ட வேண்டும். அறையின் மூலையில் வாசல் இருந்தால் மூலைச் சுவர் பக்கம் கீல். எதிர்ப்பக்கம் வைத்தால் கதவு அறைக்கு நடுவில் நிற்கும், உள்ளே வருகிறவர் அதைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

படுக்கையறையில் சிலர் வேண்டுமென்றே கட்டிலை மறைக்கிற மாதிரிக் கீல் வைக்கச் சொல்வார்கள். கூட்டுக் குடும்பத்தில் அது தேவைதான், நானும் தடுப்பதில்லை.

கீலை முடிவு செய்த பிறகுதான் சுவிட்ச் போர்டை முடிவு செய்ய வேண்டும். தாழ்ப்பாள் பக்கத்துச் சுவரில், உள்ளே நுழைந்ததும் கை படுகிற இடத்தில் அது வர வேண்டும். எலக்ட்ரீசியன் முதலில் பைப் போட்டுவிடுகிறார், ஆசாரி பிறகு வந்து கதவைத் தன் வசதிக்கு மாட்டுகிறார். அப்புறம் ஆயுசுக்கும் கதவைத் திறந்து உள்ளே போய், திரும்பச் சாத்தி, கதவுக்குப் பின்னால் இருட்டில் சுவிட்சைத் தேட வேண்டும்.

பூட்டு வாங்கப் போனால் 'லெஃப்ட்டா ரைட்டா' என்கிறார்கள். எப்படிச் சொல்வது?

ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி கணக்கு வைத்திருப்பதால் வாயால் சொல்லி வாங்காதீர்கள். ஒரு காகிதத்தில் சுவருக்கு ஒரு கோடு, கதவுக்கு ஒரு கோடு, அது சுழலுகிற கால்வட்டம், எது வீட்டுக்கு உள்ளே, எது வெளியே என்று வரைந்து காட்டுங்கள். பிளானில் இன்ஜினியர் போடுகிற கால்வட்டமும் இதேதான்.

பூஜை அறை, மொட்டை மாடிக் கதவு?

பூஜை அறை சின்னது, உள்ளே விளக்கு எரியும். கதவு உள்ளே சுழன்று விளக்கைத் தட்டக் கூடாது. மணி வைத்த இரட்டைக் கதவை வெளியே திறக்கிற மாதிரிப் போடுங்கள்.

மொட்டை மாடிக் கதவும் வெளியேதான், மாடியைப் பார்த்து. படி ஏறி வந்து நிற்கிற இடம் மூன்றடிதான் இருக்கும், கதவு உள்ளே திறந்தால் ஆள் படியில் பின்வாங்க வேண்டும். மழைச்சாரலும் வெளியே திறக்கிற கதவில் குறைவாகவே உள்ளே வரும். ஐப்பசி மழையில் படிக்கட்டில் தண்ணீர் இறங்குகிற வீடுகளில் முதலில் இதைப் பாருங்கள்.

வாஸ்துப்படி உள்ளேதான் திறக்கணும் என்கிறார்களே?

தலைவாசலுக்கு அப்படிச் சொல்வது வழக்கம். மேலே சொன்ன படி, காவல் காரணங்களும் அதே முடிவுக்குத்தான் வருகின்றன. ஆகவே சண்டையே இல்லை. பாத்ரூமுக்கும் மண்டபத்துக்கும் யாராவது வாஸ்து சொல்லி உள்ளே திறக்கச் சொன்னால், அங்கே உயிர்தான் முதல் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

வெளியே திறக்கிற கதவில் கீல் ஆணியைத் திருடன் உருவிவிட மாட்டானா?

சாதாரணக் கீலில் உருவலாம். ஆணியை உருவ முடியாதபடி செய்த கீல்கள் இருக்கின்றன. இன்னொரு வழி, கீல் பக்கத்துக் கதவு ஓரத்தில் இரண்டு கம்பிக் குமிழ்கள் வைத்து நிலவில் அதற்குத் துளை போடுவது. கதவு சாத்தியதும் குமிழ் துளைக்குள் போய்விடும். ஆணியை உருவினாலும் கதவு வராது.

கொசுவலைக் கதவையும் போடணும், இரண்டும் இடிக்காமல் எப்படி?

நிலவில் இரட்டைக் காடி வெட்டச் சொல்லுங்கள். உள்காடியில் மரக்கதவு உள்ளே திறக்கும், வெளிக்காடியில் வலைக்கதவு வெளியே திறக்கும். இதற்கு நிலவுக்கட்டை கனமாக வேண்டும், மரம் வாங்கும்போதே சொல்ல வேண்டும்.

கடைக் கண்ணாடிக் கதவில் எல்லோரும் தப்பாகவே தள்ளுகிறார்கள், என்ன செய்வது?

'தள்ளு', 'இழு' என்று எழுதியதைப் படிப்பதற்கு முன்பே கை போய்விடும். பிடித்துக்கொள்கிற கைப்பிடியைப் பார்த்தால் மனிதன் இழுப்பான், தட்டையான தகட்டைப் பார்த்தால் தள்ளுவான். தள்ள வேண்டிய பக்கத்தில் தகடு, இழுக்க வேண்டிய பக்கத்தில் கைப்பிடி என்று மாற்றிவிடுங்கள். தரை ஸ்பிரிங் வைத்து இரண்டு பக்கமும் திறக்கவும் செய்யலாம். கூட்டம் வருகிற கடைக்கு அதுவே நல்லது.

கட்டி முடித்த வீட்டில் கதவைத் திருப்பிப் போட முடியுமா?

முடியும். பாத்ரூம் கதவுக்குப் பெரும்பாலும் ஒரு நாள் வேலைதான். கதவையும் கீலையும் கழற்றி, பழைய கீல் பள்ளங்களில் மரத்துண்டு வைத்துப் பசை போட்டு அடைக்க வேண்டும். பழைய காடியின் பள்ளத்தில் ரீப்பர் (ஒல்லியான மரப்பட்டை) அடித்து நிரவிவிட்டு, புதிதாகக் கதவு உட்காரும் இடத்துக்குப் பின்னால் தடுப்புக்கு ஒரு பட்டை அடிக்க வேண்டும். பிறகு வெளிப்பக்கம் கீலுக்குப் பள்ளம் வெட்டி மாட்டுவார்கள். பி.வி.சி. நிலவாக இருந்தால் நிலவையே மாற்றிவிடுவது சுலபம். வெளியே டைல்ஸ் உள்ளே இருப்பதைவிட உயரமாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பாத்ரூம் தரை தாழ்வாகவும் ஹால் உயரமாகவும் இருப்பதால், திருப்பிப் போடும்போது கதவின் அடி ஹால் தரையில் உரசும். அடியில் எவ்வளவு அறுக்க வேண்டும் என்று அளந்த பிறகே கதவைக் கழற்றச் சொல்லுங்கள்.

புதிதாகக் கட்டுகிறோம். ஆசாரியிடம் எப்போது சொல்லணும்?

நிலவுக்குக் காடி இழைக்கிறதற்கு முன்னால். காடி வெட்டிய அன்றைக்கே திசை முடிவாகிவிடும். பட்டறைக்குப் போய், பிளானைப் பிரித்து, ஒவ்வொரு நிலவின் மேலும் அறையின் பெயர், 'உள்' அல்லது 'வெளி', கீல் இருக்கிற பக்கம் மூன்றையும் சாக்பீஸால் எழுதுங்கள். "பாத்ரூமு வெளிய தொறக்கோணுங்க" என்று ஒரு முறை வாயாலும் சொல்லிவிடுங்கள், வழக்கத்தில் கை உள்பக்கமே வெட்டிவிடும். நிலவு வைக்கிற அன்றைக்கு, கொத்தனார் சிமெண்ட் போடுவதற்கு முன்னால், ஒவ்வொரு வாசலிலும் காடி இருக்கிற பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.